பிரேக் தூசை ஊதலாமா?

அலுவல் நிமித்தம் கெடா மாநிலத்திலுள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, பால் லோரி ஓட்டும் அன்பர் ஒருவரின் வீட்டு வாசலில் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. வேலை முடிந்து வந்திருந்த அவர், தமது கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிப் புதிய பிரேக் ஷூ மாட்டிக் கொண்டிருந்தார். டிரம்மின் உட்புறத்தில் சாம்பல் போன்ற கருந்தூசு அடை அடையாகப் படிந்திருந்தது. அவர் அதனைச் சிமெண்டுத் தரையில் இரண்டு முறை தட்டினார். பின்பு முகத்தருகே கொண்டு வந்து பலமாக ஊதினார். எழுந்த தூசு மாலை வெயிலில் சற்று மிதந்து மறைந்தது. அருகில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்த அவருடைய மகனுக்கு ஆறு வயதிருக்கலாம். கண்ணைக் கசக்கிக் கொண்டே சிரித்தான். அவருடைய துணைவியார் வந்து, கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து நன்றாக உதறித் துவைக்கும் வாளியில் போட்டார்.

அந்தத் தூசை ஊதலாகாது என்றோம். “இருபது ஆண்டுகளாக இப்படித்தான் ஊதி வருகிறேன், ஐயா. லோரிக்கும் இப்படித்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று அவர் மரியாதையாகவே விடையிறுத்தார். நின்ற நிலையில் நாம் அன்று கூறிய பதில் அவருக்கும் நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் இன்று லோரி ஓட்டுநராகவும் பட்டறைத் தொழிலாளராகவும் இருக்கின்றனர். வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளேனும் உண்டு. ஆதலின் அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கு எழுதுகிறோம்.

ஓடும் வண்டியை நிறுத்தும்போது அதன் வேகம் எங்கே போகிறது? அது வெப்பமாக மாறுகிறது. பத்து டன் எடையுள்ள லோரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வந்து ஒரே முறை நிற்கும்போது பிரேக்குகளில் எழும் வெப்பத்தைக் கொண்டு ஏறத்தாழ நாலரை லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இவ்வளவு வெப்பத்தையும் தாங்குவது, சக்கரத்தோடு சுழலும் இரும்பை அழுத்திப் பிடிக்கும் சிறிய கட்டைகளே. தட்டையான இரும்புத் தட்டை இருபுறமும் கவ்வுவது பிரேக் பேட். டிரம் என்னும் இரும்புக் கிண்ணத்தின் உட்சுவரை உள்ளிருந்து அழுத்துவது பிரேக் ஷூ. இரண்டையும் பிரேக் கட்டை என்ற ஒரே பெயரால் இங்குக் குறிப்போம். இரும்போடு உராய்ந்து உராய்ந்து கட்டையும் தேய்கிறது. இரும்பும் சிறிது தேய்கிறது. தேய்ந்ததெல்லாம் தூசாகிறது. தட்டுப் பிரேக்கில் அத்தூசு காற்றில் பறந்துவிடும். மிச்சம் சக்கரத்தில் கருமையாகப் படியும். டிரம் பிரேக்கிலோ அது வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, டிரம்மைத் திறக்கும் மனிதரின் முகத்துக்காகக் காத்திருக்கிறது.

கரும்பலகைத் தூசைக் கண்டவர்களுக்கு இத்தூசின் இயல்பு எளிதில் விளங்கும். நாம் வகுப்பறையில் நின்ற நாட்களில், காலை வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வேளையில் பலகையைத் துடைத்தால், பெரிய துகள்கள் உடனே தரைக்கு இறங்கும். மிக நுண்ணியவை அந்த ஒளிக்கீற்றிலேயே சுற்றிச் சுற்றி மிதந்து கொண்டிருக்கும். கீற்று விலகியதும் நம் கண்ணுக்கு அவை மறைந்தன, காற்றிலிருந்து மறையவில்லை. பிரேக் தூசும் அவ்வாறே. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் வரும் ஒரு கூற்றைவிடச் சிறிய துகள்கள் அதில் ஏராளம். மூக்கிலுள்ள மயிரும் சளியும் பெரிய துகள்களைத் தடுத்துவிடும். மிக நுண்ணியவை அவற்றைக் கடந்து நுரையீரலின் அடிவரை செல்ல வல்லவை. ஊதிய பிறகு தூசு போய்விட்டது என்று நாம் எண்ணும் நேரத்தில்தான் அதனைச் சுவாசித்துக் கொண்டிருக்கிறோம்.

இனி, கட்டை எதனால் ஆனது என்பதைக் காண்போம். பிரேக் இல்லாத சைக்கிளில் வரும் சிறுவர்கள் ரப்பர்ச் செருப்பைச் சக்கரத்தில் தேய்த்து நிறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். இத்தொழிலின் தொடக்கமும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த, மரத்தாலான பிரேக்கில் பழைய பூட்ஸ் செருப்பை வைத்துக் கட்டுவார்களாம். அதனைக் கண்ட ஹெர்பர்ட் புரூட் என்பவர் 1897-ஆம் ஆண்டில் அதைவிட நன்றாகப் பிடிக்கும் பொருளைச் செய்யும் தொழிலில் இறங்கினார் என்பர். முதலில் பருத்தி போன்ற நார்களே பயன்பட்டன. மோட்டார் வண்டிகளின் வேகத்துக்கு அவை தாக்குப் பிடிக்கவில்லை, கருகின. தீயில் கருகாத நார் ஒன்று தேவைப்பட்டது. அதுவே கல்நார், ஆங்கிலத்தில் அஸ்பெஸ்டோஸ் எனப்படுவது.

கல்நார் பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் நார். பஞ்சுபோல் பிரியும், நெருப்பில் எரியாது, விலையோ மலிவு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் ஓடிய கார், லோரி, மோட்டார் சைக்கிள்களின் பிரேக் கட்டைகளில் அது முக்கியப் பொருளாக இருந்தது; கட்டையின் எடையில் பாதியளவு கல்நாராக இருந்ததும் உண்டு. அதன் கேடு பின்னர்தான் உலகுக்கு நன்கு புலனாயிற்று. கல்நாரின் நுண்ணிய இழை நுரையீரலில் தைத்துக் கொண்டால் உடல் அதனைக் கரைக்கவோ எளிதில் வெளியேற்றவோ இயலாது. ஆண்டுக்கணக்கில் அவ்விடம் புண்ணாகித் தழும்பாகும்; மூச்சு முட்டும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் கொடிய புற்றுநோயும் அதனால் வருவன. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் முடிவு. இவ்வளவுக்குக் கீழே போனால் புற்றுநோய் அபாயம் இல்லை என்று சொல்லத்தக்க ஓர் எல்லை காணப்படவில்லை என்று 1998-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெள்ளைக் கல்நாரைப் பற்றிய தன் அறிக்கையில் கூறிற்று.

லோரி ஓட்டும் அன்பரின் “ஒன்றும் ஆகவில்லையே” என்ற சொல்லுக்கு இங்கேதான் விடை உள்ளது. கல்நார் நோய்கள், தூசு உட்சென்று பொதுவாக 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. சிலருக்கு அதற்கும் மேலாகும். எனவே இருபது ஆண்டுகள் நலமாக இருந்தது ஒரு சான்றாகாது. அவர் கணக்கு முடியவில்லை, நடந்து கொண்டிருக்கிறது. அருகில் குந்தியிருந்த சிறுவனின் கணக்கு அன்றுதான் தொடங்கியிருக்கக்கூடும். அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது இருமல் வந்தால், ஒரு மாலை வேளையில் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாருக்கு நினைவிருக்கும்?

அச்சுறுத்துவதற்காக இதனை எழுதவில்லை. ஊதியவர் ஒவ்வொருவருக்கும் நோய் வரும் என்பதும் நம் கருத்தன்று. பிரேக்கில் எழும் கடும் வெப்பத்தில் கல்நாரின் பெரும்பகுதி வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. தேய்ந்து விழுந்த தூசில் எஞ்சும் கல்நார் மிகச் சிறிதே. ஆகவே உண்மையில் அதிகம் அஞ்ச வேண்டிய வேலை வேறு. புதிய கட்டை சரியாகப் பொருந்தவில்லை என்று அரத்தால் ராவுவதும், வழவழப்பாகிவிட்ட கட்டையை மணற்காகிதத்தாலோ சிமெண்டுத் தரையிலோ தேய்த்துச் சொரசொரப்பாக்குவதும் நம் வீடுகளில் வழக்கம். வெப்பத்தால் மாறாத கல்நார் இழைகள் அப்போது அப்படியே வெளிப்படும். அன்று அந்த அன்பரும் புதிய ஷூவைத் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்த பின்னரே மாட்டினார். ஊதியதைவிட அதுதான் நமக்குக் கவலையளித்தது.

“இப்போதுதான் கல்நார் இல்லையே” என்று கேட்போர் உண்டு. பெருமளவுக்கு உண்மை. பிரிட்டனில் 1999-இலும், ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2005-இலும் கல்நார் விலக்கப்பட்டது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை ஆணை பிறப்பித்தது. மாற்றுப் பிரேக் கட்டைகளும் அந்த ஆணையில் அடங்கும். நம் நாட்டில் கல்நார்ப் பணிகளுக்கென 1986-ஆம் ஆண்டில் தனி ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. 1999-இல் நீலக் கல்நாரின் பயன்பாடு தடை செய்யப்பட்டது. ஆயினும், தடை வந்த நாளிலேயே பொருள் ஒழிந்துவிடுவதில்லை. முற்றாகத் தடை செய்து எட்டாண்டுகளுக்கு மேலான பின்னும், 2012-இல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதியான ஏறத்தாழ 23,000 கார்களின் இயந்திர கேஸ்கட்டுகளில் கல்நார் இருந்தது கண்டறியப்பட்டது. காரோடு வந்த உறுப்பிலேயே அந்நிலையென்றால், பெயரற்ற பெட்டியில் மலிவாக வரும் மாற்றுக் கட்டையைப் பற்றி என்ன சொல்வது? பழைய லோரிகளிலும், கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் உபரி உறுப்புகளிலும் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

எனவே பெட்டியைப் பாருங்கள். மாற்றுப் பிரேக் கட்டைகளுக்கென ஐக்கிய நாடுகள் அமைப்பின் 90-ஆம் ஒழுங்குவிதி ஒன்று உண்டு. அதன்படி செய்த கட்டையில் கல்நார் இருத்தலாகாது. வண்டியோடு வந்த மூலக் கட்டையின் பிடிப்புத் திறனிலிருந்து அது 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடவும் கூடாது. வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், அதன் அருகே 90 என்ற எண்ணை அடுத்து ‘ஆர்’ என்னும் எழுத்தும் அச்சிடப்பட்டிருந்தால் அது அவ்விதிக்கு உட்பட்டது. முத்திரையற்ற கட்டையில் மிச்சமாகும் சில வெள்ளி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமற் போனால் எதற்கும் உதவாது. இது தூசைப் பற்றிய கட்டுரையே எனினும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கல்நாரின் இடத்தை இன்று எஃகு இழை, செயற்கை இழை, சுட்ட களிமண் போன்ற செராமிக் பொருள்கள், காரீயகம், பிசின் ஆகியவை நிரப்புகின்றன. இரும்பு மிகுந்த கட்டை கருந்தூசைச் சொரியும். செராமிக் கட்டையின் தூசு வெளிறியது, குறைவாகவே தெரியும். தெரியாததால் அது நல்லதென்று கொள்ள வேண்டியதில்லை. பல கட்டைகளில் செம்பும் சேர்க்கப்பட்டது. மரத்துப் பாலில் செம்பு பட்டால் ரப்பர் கெட்டுப் பிசுபிசுக்கும் என்பது தோட்ட மக்களுக்குப் புதிய செய்தியன்று. அதே செம்பு, மழைநீரோடு சாலையிலிருந்து ஆற்றில் இறங்கினால் மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுக்கிறது எனக் கண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010-இல் சட்டம் இயற்றின. 2021 முதல் கட்டையின் எடையில் 5 விழுக்காட்டுக்கும், 2025 முதல் அரை விழுக்காட்டுக்கும் மேல் செம்பு இருத்தலாகாது என்பது அச்சட்டங்களின் விதி. ஐரோப்பிய ஒன்றியமோ 2024-இல் வெளியிட்ட விதியில், பெட்ரோல், டீசல் கார்களின் பிரேக்கிலிருந்து பறக்கும் நுண்தூசுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என முதன்முறையாக உச்சவரம்பு வகுத்தது. அற்பமாகத் தோன்றும் அந்த அளவில் ஒரு கார் 15,000 கிலோமீட்டர் ஓடினால் நூறு கிராமுக்கும் சற்று அதிகமான நுண்தூசு. கல்நார் இல்லாத தூசும் நுரையீரலுக்கு ஏற்ற பொருளன்று.

அப்படியானால் பிரேக் கட்டையை எவ்வாறு மாற்றுவது? தூசை எழவிடாமல் மாற்ற வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, தண்ணீர் போதும். ஒரு சிறிய தெளிப்புப் புட்டியில் தண்ணீர் நிரப்பிப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளிகள் விடுங்கள். சக்கரத்தின் கீழே பழைய தட்டொன்றை வையுங்கள். டிரம்மைத் திறந்தவுடன், தட்டுவதற்கு முன்பாகவே, மெல்லத் தெளித்துத் தூசு முழுவதையும் நனைத்துவிடுங்கள். நீரைப் பீய்ச்சியடித்தால் அதுவே தூசைக் கிளப்பும். நனைந்தது சேறாகித் தட்டில் வடியும். எஞ்சியதை ஈரத்துணியால் துடைத்து, அத்துணி காய்வதற்கு முன்பே பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி எறிந்துவிடலாம். களைக்கொல்லி அடித்த பம்பை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது. பெட்ரோல் ஊற்றிக் கழுவும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது தீ விபத்துக்கு வழி. தரையில் சிந்தியதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். நீர் தெளித்துத் துடையுங்கள். புதிய கட்டையைத் தேய்க்கவோ ராவவோ வேண்டாம். பொருந்தவில்லையெனில் அது உங்கள் வண்டிக்குரிய கட்டையன்று, கடையில் மாற்றிக் கொள்ளுங்கள். வழவழத்துப் போன பழைய கட்டைக்குப் புதியது வாங்குவதே முறை. பிள்ளைகள் வேறிடத்தில் விளையாடட்டும்.

வேலை செய்யும்போது அணிந்த சட்டையைப் பற்றியும் கூற வேண்டும். கல்நார் ஆலைக்குள் ஒரு நாளும் கால் வைக்காத பெண்கள், கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்ததனாலேயே நோயுற்றது பல நாடுகளில் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. அவர்கள் கையாண்டது ஆலைத் தூசு. நம் வீட்டுச் சட்டையில் படிவது அதனினும் மிகக் குறைவு. இருப்பினும் உதறாமல் நேரே தண்ணீரில் நனைத்து, மற்றத் துணிகளோடு கலவாமல் துவைப்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. கையும் முகமும் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். புகை பிடிப்பவர்களுக்கு ஒரு சொல்: கல்நாரும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் அபாயம், இரண்டையும் தனித்தனியே கூட்டி வரும் அளவையும் மிஞ்சுகிறது.

வீட்டில் ஆண்டுக்கு இரண்டொரு முறை கட்டை மாற்றுபவரைவிட, நாள்தோறும் லோரி டிரம்களைத் திறக்கும் பட்டறைத் தொழிலாளியின் நிலையே கவலைக்குரியது. காற்றுக்குழாயைத் திறந்து விசையோடு அடித்துத் தூசைப் போக்குவது பல பட்டறைகளில் இன்றும் காணும் காட்சி. ஒருவர் அடிக்க, அங்குள்ள பத்துப் பேரும் சுவாசிக்கின்றனர். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசைத் தடுக்காது. நனைத்துத் துடைக்கும் முறையோ, நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சு கருவியோ அங்கு இருத்தல் வேண்டும். இதனைக் கேட்பது முதலாளியிடம் சலுகை கேட்பதன்று. 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஊழியரின் நலத்தைக் காக்கும் கடமையை முதலாளிக்கு விதித்துள்ளது. பல்லாண்டு பட்டறையில் உழைத்தவர் மூச்சுத் திணறலுக்கோ தீராத இருமலுக்கோ மருத்துவரைக் காணும்போது, “பிரேக் வேலை செய்தவன்” என்பதைத் தாமே முன்வந்து கூற வேண்டும். கேட்டால்தான் சொல்வது என்று இருக்க வேண்டாம். தொழிலால் வரும் நோய்களுக்குச் சொக்சோவின் இழப்பீடு உண்டு. கல்நார் நோய்களும் அவற்றில் அடங்கும். எந்தப் பட்டறையில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையின் பிரதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து முதலாளியும் இருக்கமாட்டார், பட்டறையும் இருக்காது. அந்தத் தாள் இருக்கும்.

தூசு குறைவாகப் பிறக்க வேண்டுமானால், அது ஓட்டுநரின் காலில் உள்ளது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலையானாலும், பாரமேற்றிய லோரி இறங்கும் தோட்டத்துச் செம்மண் மேடானாலும், இறக்கம் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு மாற்றினால் இயந்திரமே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால் கட்டை கருகும். அந்தக் கருகல் நாற்றத்தை அறியாத லோரிக்காரர் இல்லை.

நாம் விடைபெறும் நேரத்தில் அந்த அன்பர் ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணீர் தெளித்தால் பிரேக் பிடிக்காமல் போகாதா, ஐயா?” நியாயமான கேள்வி. டிரம்மையும் பாகங்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, சற்று நேரம் காற்றாட விட்டு மாட்ட வேண்டும். கட்டையின் முகத்தில் எண்ணெயோ கிரீஸோ விரற்கறையோ படலாகாது. மாட்டிய பின் சமதரையில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். எஞ்சிய ஈரம் அந்தச் சூட்டில் உலர்ந்துவிடும். பிடிப்புச் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு சாலைக்குச் செல்லுங்கள்.